பனித் தோட்டத்துக்குப் பசிக்கிறது

கடற்கரைச் சாலையின் கடைசியில் இருக்கும் மீன் காட்சியகத்தில் சேர்வதற்கு முன்னால் அவள் ஒரு துணிக்கடையில் இருந்தாள். நாலு மாடிக் கடை. தள்ளுபடி அறிவிப்பு, கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை, வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டு வந்த மனிதர், எல்லாமே அவள் குரலில்தான் நாலு மாடிக்கும் போகும். பிறகு கடை கைமாறியது. புது முதலாளி, பதிவு செய்த குரல் ஒன்றை வாங்கிப் போட்டார். தொலைந்த குழந்தை போட்டிருந்த சட்டையின் நிறத்தை அந்தக் குரலுக்குச் சொல்லத் தெரியாதே என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

மீன் காட்சியகத்தில் வழிகாட்டி வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். நாள் முழுக்கப் பேசினால் தொண்டை தாங்குமா என்று மேலாளர் கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தி, வேலை உங்களுக்குத்தான் என்றார்.

இடுப்பில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, கன்னத்தோரம் பஞ்சுத் தொப்பி போட்ட மைக். ஊழியர்கள் 'மைக் அக்கா' என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் கணவரே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

சுறாவைப் பற்றிப் பேசுவதில் சிரமமே இல்லை. அது ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். ஆமை, கடல்குதிரை எல்லாம் அவள் சொல்லாமலேயே விலைபோகிற சரக்கு. தகராறு பவளத் தொட்டியில்தான். நீளக் கூடத்தின் கோடியில், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய தொட்டி அது. உள்ளே மான்கொம்பு மாதிரி ஒன்று, தட்டுகளை அடுக்கியது மாதிரி ஒன்று, மூளையை எடுத்து வைத்தது மாதிரி ஒன்று. முக்கால்வாசி பழுப்பு நிறம். எதுவும் அசையாது. ஜனங்கள் அங்கே நின்றால், குழந்தையின் செருப்பு வாரைச் சரிசெய்வதற்காக நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

பாதிப் பழி பெயரின் மேல். பவளம் என்றதும் எல்லாருக்கும் மோதிரமும் மாலையும் ஞாபகம் வந்துவிடும். இதெல்லாம் சேர்த்து என்ன விலை போகும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. பாறை என்றதும் கல் என்று முடிவுகட்டிவிடுவார்கள். இது நகையும் இல்லை, கல்லும் இல்லை, உயிருள்ள பிராணி என்று அவள் சொன்னால், உள்ளே ஓடுகிற மஞ்சள் மீனைக் காட்டி, "இதுவா?" என்பார்கள்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் பவள டாக்டர் என்பார்கள். மைக் அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பெண். முழங்கை வரை ஈரம், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் சரியாக இருக்கும், ஆனால் முடிவுக்கு வராது. ஒரு தடவை மைக்கை அவரிடமே கொடுத்துப் பார்த்தார்கள். பவளம் என்பது ஆயிரக்கணக்கான பாலிப்கள் சேர்ந்து வாழும் கூட்டம் என்று ஆரம்பித்தார். பாலிப் என்றால் மூக்கில் வளருமே, அதுவா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். டாக்டர் அந்த வார்த்தையின் பூர்வீகத்திலிருந்து தொடங்கினார். அவர் கடலுக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் ஆமைத் தொட்டிக்குப் போயிருந்தது. அதன்பிறகு அவர் மைக்கைக் கண்டாலே பம்ப் அறைக்குள் போய்விடுவார்.

ஆனால் அந்தப் பம்ப் அறையில், கவிழ்த்துப் போட்ட வாளிகளின் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது, டாக்டரைப்போல் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் யாரும் இல்லை. மைக் அக்கா கேட்டுக்கொள்வாள். அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, மறுநாள் டாக்டரிடமே ஒப்பிப்பாள்.

"இது ஒரு வீடுன்னு வச்சுக்கங்க. வீட்டுக்காரருக்கு அவ்வளவா சமைக்க வராது. மாடியில பாசின்னு ஒருத்தரைக் குடி வச்சிருக்காரு. அவருக்கு வெயில் இருந்தா போதும், சமைச்சுத் தள்ளிடுவாரு. வாடகைக்குப் பதிலா சாப்பாடு. வீட்டுக்கு அடிச்சிருக்கிற இந்தக் கலர்கூட வீட்டுக்காரரோடது இல்ல, குடித்தனக்காரரோடது."

"மாடியில இல்ல அக்கா, உடம்புக்கு உள்ளேயே இருக்கு," என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தபடி கிட்டத்தட்ட சரி," என்றார். டாக்டர் வாயிலிருந்து 'கிட்டத்தட்ட சரி' வருவது பெரிய பட்டம். மைக் அக்கா அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

வெயில் உச்சத்தில் இருந்த மாதத்தில், அந்தத் தொட்டியின் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் நின்றுவிட்டது. மாற்று உதிரி பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் டாக்டர் ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டார், விசிறி வைத்தார், தொட்டியின் விளக்குகளைப் பாதியாகக் குறைத்தார். தண்ணீரின் சூடு இறங்க மறுத்தது. பழுப்பு வெளிறியது. முதலில் மான்கொம்பின் நுனிகள், பிறகு தட்டுகள், கடைசியில் மூளை. ஒரு காலையில் கூடத்துக்குள் நுழைந்த மைக் அக்கா, யாரோ தொட்டிக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

மேலாளர் பதறிப்போய்த் திரை தைக்கச் சொன்னார். திரை வருவதற்குள், கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்த ஒரு ஜோடி அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டுவிட்டது. நீலத் தண்ணீரில் தும்பைப்பூ மாதிரி கிளைகள், தட்டுகள், முன்னால் இரண்டு சிரித்த முகங்கள். படம் கைக்குக் கை பரவியது. சனிக்கிழமை வாசலில் வரிசை சாலை வரைக்கும் நின்றது. தைத்த திரையை மேலாளர் சத்தமில்லாமல் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, 'பனித் தோட்டம்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். நீல விளக்கு இரண்டு கூடுதலாக வந்தது.

கூட்டத்தைப் பார்த்ததும் மைக் அக்காவுக்குள் நாலு மாடிக் கடை எழுந்து உட்கார்ந்துகொண்டது. கிடைக்காத காட்சி, வாங்க வாங்க, பனித் தோட்டம் பாருங்க, நெரிசல் வேண்டாம், எல்லாருக்கும் இடம் உண்டு என்று சாயங்காலம் வரைக்கும் அசத்தினாள். இத்தனை வருஷத்தில் பவளத் தொட்டிக்கு முன்னால் ஆள் நின்றதே இல்லை, இப்போது நகர மாட்டேன் என்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேலை முடிந்து பம்ப் அறைக்குப் போனபோது டாக்டர் வாளியில் உட்கார்ந்திருந்தார். நிமிரவில்லை. மைக் அக்கா கூட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சூட்டுல பாசி மொத்தமும் வெளிய போயிடுச்சு அக்கா. அது பட்டினி கிடக்குது. நீங்க அதுக்கு டிக்கெட் வித்துட்டிருக்கீங்க."

மைக் அக்கா இடுப்புப் பெட்டியைக் கழற்றி வைத்தாள். அன்று பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் தினமும் வருகிற பெண், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

மறுநாள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அதில் குறை வைக்கக் கூடாது என்று ஒரு வேகம். நீங்க பார்க்கிற வெள்ளை அழகு இல்லை, எலும்பு. கலர் போனதால தோல் கண்ணாடி ஆயிடுச்சு, அது வழியா எலும்பு தெரியுது. இது செத்துக்கிட்டிருக்கு, நீங்க அதுக்கு முன்னால நின்னு சிரிச்சுப் படம் எடுக்கிறீங்க என்றாள். ஒரு சிறுமி வீறிட்டு அழுதாள். அதைப் பார்த்து இன்னொரு குழந்தை. சிறுமியின் அம்மா, காசு கொடுத்து எலும்பு பார்க்கவா வந்தோம் என்று மேலாளரிடம் போய்க் கத்தினாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. காட்சியகத்தின் கூரை ஒழுகுவதும் சம்பளம் தள்ளிப்போவதும் அவர் தலையில்தான் விடியும். அதனால் மென்மையாகவே கண்டித்தார். எலும்பு என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்றார். டாக்டரிடமும் பாராட்டு கிடைக்கவில்லை. அது இன்னும் சாகவில்லை, சாகிறது என்று சொன்னது தப்பு, தண்ணீர் குளிர்ந்து பாசி திரும்பி வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று திருத்தினார். அடுத்தடுத்த நாளில் பொய்க்கும் திட்டு வாங்கி உண்மைக்கும் திட்டு வாங்கிய ஆள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று மைக் அக்கா நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கணவரின் தங்கை, மூன்று தெரு தள்ளி அழகு நிலையம் நடத்துகிறவள். மனதில் பட்டதை அப்படியே கொட்டிவிடுவாள். அவள் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வருவது, பனித் தோட்டத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்து அவள் எடுத்துக்கொண்ட படம். மைக் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெள்ளை ஒரு நோய் என்று தொடங்கி, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். நாத்தனார் நகத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"எல்லாம் சரி அண்ணி. நோய்னா பார்க்கவே நோய் மாதிரி இருக்கணும். இது என்னமோ ஜம்முனு நிக்குது. அதுக்குப் பசிக்குதுன்னு நீங்க சொல்றீங்க, அதுக்கு வாய் எங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை மைக் அக்கா மறுநாள் அப்படியே பம்ப் அறைக்குக் கொண்டுபோனாள். வாய் இருக்கிறது என்றார் டாக்டர். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மூளைப் பவளத்துக்குக் கண்ணாலேயே பார்க்கலாம், மற்றதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். வெளிச்சம் இருந்தால் சுருங்கிக்கொள்ளும்; இருட்டில், தண்ணீரில் இரை வாசனை பட்டால் திறக்கும். இப்போது பாசியின் சமையல் நின்றுவிட்டதால், காட்சியகம் மூடியபிறகு இறால் குஞ்சுகளை ஊட்டி அதைத் தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றார்.

"மூடினப்புறமா? யாரும் பார்க்காதப்பவா ஊட்டுறீங்க?"

"பார்க்க என்ன அக்கா இருக்கு? ரொம்ப மெதுவா நடக்கும்."

மைக் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் பேரம் பேசினார்கள். பசிக்கிறது என்று சொல்லலாமா என்பதே டாக்டருக்குச் சங்கடம். அதற்கு மூளையே கிடையாது, மூளைப் பவளத்துக்கும் கிடையாது, பசியை உணர்வது யார் என்று கேட்டார். சாப்பாடு இல்லாமல் இளைக்கிறதா இல்லையா என்று மைக் அக்கா கேட்டாள். இளைக்கிறது. அப்படியானால் எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் பசி என்றாள். கடைசியில் பசி இருக்கலாம், ஆனால் அழுகிறது, வலிக்கிறது, வேதனைப்படுகிறது எதுவும் கூடாது என்று உடன்பாடு ஆனது.

அந்த வாரமே சில்லருக்கு உதிரி பாகம் வந்து சேர்ந்தது. மேலாளர் அதை மேசை மேல் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து மாட்டலாமா, விடுமுறைக் கூட்டம் வருகிற நேரம் என்று இழுத்தார். டாக்டர் முகம் சிவந்து எழுந்தார். மைக் அக்கா குறுக்கே வந்தாள்.

"சார், நான் கடையில இருந்தவ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற சேலையை ஜனங்க ஒரு தடவை பார்ப்பாங்க, அதோட சரி. இது வெள்ளையாவே இருந்தா வந்தவங்க திரும்பி வர மாட்டாங்க. உடம்பு தேறுதா இல்லையான்னு இருந்தா, வாரா வாரம் வந்து விசாரிப்பாங்க."

மேலாளர் உதிரி பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயங்காலமே மாட்டிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மூடுவதற்கு முந்தைய மணி நேரத்தில் முதல் தடவையாக எல்லாரும் பார்க்க ஊட்டினார்கள். மைக் அக்கா நாத்தனாரை வற்புறுத்தி அழைத்து வந்து முன்னால் நிறுத்தியிருந்தாள். கூடத்து விளக்குகள் அணைந்தன. மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் தொட்டி மேல் இருந்தது. டாக்டர் ஏணியில் ஏறி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உருக வைத்த இறால் குஞ்சுகளை நீளக் குழாயால் மூளைப் பவளத்தின் மேல் மெல்ல விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள். மைக் அக்கா, தொண்டையே பிழைப்பாகக் கொண்டவள், பேசாமல் நின்றாள். அது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

பிறகு அந்த வெள்ளை மடிப்புகளிலிருந்து நூல் நூலாகக் கைகள் நீண்டன. ஒரு இறால் குஞ்சைத் தொட்டதும் சுருண்டு பிடித்தன. மடிப்புக்கு நடுவில் ஒரு கீறல் அகன்றது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "வாயைத் திறக்குது."

அவள் மூக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இறால் குஞ்சு உள்ளே போகும்வரை அவள் அசையவில்லை. குழந்தைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு, தொட்டியோரம் வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு வரிசை கட்டினார்கள். அப்போதுதான் மைக் அக்கா பேசினாள். வீட்டுக்காரர், குடித்தனக்காரர், சூடு, சில்லர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். யாரும் அழவில்லை. வெளியே போகும்போது ஒரு பெரியவர், இதற்கு எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு நடந்ததைத்தான் மேலாளரால் நம்ப முடியவில்லை. விலை கேட்ட ஜனங்கள் வேறு கேள்வியோடு வந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே, இன்னைக்குச் சாப்பிட்டுச்சா, நேத்து சரியா சாப்பிடலைன்னாங்களே, இப்ப எப்படி என்று மருத்துவமனையில் விசாரிப்பதுபோல் கேட்டார்கள். நாத்தனார் வாரம் தவறாமல் வந்தாள். அவள் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கும் விடிவு இல்லை. தலை அவள் கையில் மாட்டியிருக்கும்போது காதுக்குள் பவளம்தான்.

எல்லாம் பிழைக்கவில்லை. மான்கொம்பு தேறவில்லை. ஒரு வியாழக்கிழமை அதன் கிளைகளில் பச்சையாக வழவழவென்று ஏதோ படர்ந்திருந்தது. அது குடித்தனக்காரப் பாசி இல்லை, செத்த இடத்தில் வந்து படர்கிற வேறு பாசி. மேலாளர் அதை எடுத்துவிடலாம் என்றார். டாக்டர் இருக்கட்டும் என்றார். சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் மைக் அக்கா இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். "இது போயிடுச்சுங்க. நாங்க முயற்சி பண்ணினோம். நேரம் தாண்டிடுச்சு," என்றாள். அலங்காரமாக எதையும் சேர்க்கவில்லை.  மற்றதெல்லாம் எப்படி என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மற்றவை மெல்ல மெல்லப் பழுப்பேறின. முதலில் மூளைப் பவளத்தின் மடிப்புகளுக்குள் பால் குறைவாக ஊற்றிய டீ மாதிரி ஒரு சாயல். அது பழுப்புதானா, விளக்கின் நிழலா என்று இரண்டு வாரம் சண்டை நடந்தது. பிறகு சந்தேகமே இல்லாமல் நல்ல மண் நிறம் வந்தது. பனித் தோட்டம் என்ற பலகையை மேலாளர் தானாகவே கழற்றினார். படம் எடுக்க வந்த கூட்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் கலையவில்லை.

அந்தச் சமயத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கைப்பேசியில் வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு, இது எங்கே, இங்கே எல்லாம் சேறு மாதிரி இருக்கிறதே, ஏமாற்றுகிறீர்களா என்று குடும்பத் தலைவர் கேட்டார். மைக் அக்கா வாயைத் திறப்பதற்குள் வாராந்திரக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு ஒரு பக்கம் விளக்கினார்கள். ஒருவர் பாசி வெயிலைக் குடிக்கிறது என்றார். இன்னொருவர் சூடு தாங்காமல் வீட்டுக்காரர்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார் என்றார். இல்லை, குடித்தனக்காரரே கோபித்துக்கொண்டு போனார் என்று நாத்தனார் அவரை மறுத்தாள். பம்ப் அறைக் கதவருகில் நின்ற டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். யார் யாரைத் தள்ளியது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. மைக் அக்கா அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் டாக்டர் அவளைக் கடலுக்கு அழைத்துப் போனார். வருஷக்கணக்காகப் பவளத்தைப் பற்றிப் பேசியவள் அதைக் கடலில் பார்த்ததில்லை. படகில் ஏறியது முதல் குமட்டல். இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காலையில் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. முகமூடி மாட்டி, மூச்சுக்குழாயைப் பல்லில் கடிக்க வைத்து, படகின் ஏணியைப் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார் டாக்டர்.

கீழே கண்ணுக்கு எட்டிய மட்டும் பழுப்பு. மேடு மேடாக, அடுக்கு அடுக்காக, இடையிடையே மீன்கள் திரும்புகிற மினுமினுப்பு. துணிக்கடையில் இருந்திருந்தால் அந்த நிறத்தை அவள் எந்த மாடியிலும் வைத்திருக்க மாட்டாள். இப்போது பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது. கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு. அவள் தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு அதைக் காட்டினாள். டாக்டர் தலையாட்டினார். இந்த வருஷமும் தண்ணீர் சூடாக இருந்தது, கடலுக்குச் சில்லர் மாட்ட முடியாதே என்றார். மைக் அக்கா மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது குமட்டல் போயிருந்தது. படகுக்காரர் பேச்சுக்கு, அடியில் அப்படி என்னதான் இருக்கிறது, எனக்கு மேலே ஓட்டத்தான் தெரியும் என்றார். மைக் அக்கா அவருக்கு எதிரே வசதியாகத் திரும்பி உட்கார்ந்தாள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றி ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள். அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்டார். டாக்டர் ஈரத் துண்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கரை வரும்வரை நிம்மதியாகத் தூங்கினார்.